மழலைகளோடு மலையில் ஓர் இரவு



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் இல்லந்தோறும் ஒரே பேச்சுதான்: "இந்த ஆண்டு எங்கே போவது?" ஒரு காலத்தில் விடுமுறை என்றால் உம்மம்மா வீடு, அதைவிட்டால் ஏதேனும் ஒரு கடற்கரை ஊர். இப்பொழுதோ மலையில் கூடாரமிட்டு ஓர் இரவேனும் தங்கவேண்டும் என்னும் ஆசை நம் குடும்பங்களிலும் குடியேறியிருக்கிறது. கொடைக்கானல் பக்கத்திலும், நீலகிரியிலும், மூணாற்றை அடுத்த சூரியநெல்லியிலும் தேயிலைத் தோட்டங்களின் ஓரமாக வண்ணக் கூடாரங்கள் வரிசை வரிசையாக நிற்பதைப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆசை நல்லதே. நான்கு சுவர்களுக்குள் திரைகளைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் ஓர் இரவாவது மண்ணையும் மரத்தையும் வானத்தையும் நேருக்கு நேர் காணட்டும். எனினும் மூன்று வயதும் ஆறு வயதுமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையேறுவது, கல்லூரி மாணவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவது போன்றதன்று. பெரியவர்களுக்கு வெறும் அசௌகரியமாக முடிவது குழந்தைகளுக்கு உயிராபத்தாக முடியலாம். ஆகவே, புறப்படுவதற்கு முன் சில செய்திகளை நாம் உட்கார்ந்து பேசுவோம்.

பயணத்தின் அளவுகோல்

மூவர் சேர்ந்து பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும் ஒழுங்கு நாம் அறிந்ததே. மலைப் பயணத்திலும் முடிவெடுக்கும் பொறுப்பு ஒரு பெரியவரிடம் இருக்கட்டும். ஆனால் அவர் எதை வைத்து முடிவெடுப்பது? குழுவிலேயே மிகச் சிறிய குழந்தையை வைத்துத்தான். அதன் கால் எவ்வளவு தூரம் நடக்குமோ அதுவே நம் தூரம். அதன் உடல் எவ்வளவு குளிரைத் தாங்குமோ அதுவே நம் உயரம். அதற்குப் பசிக்கும் நேரமே நம் உணவு நேரம். இந்த ஓர் உண்மையை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் வரும் கேள்விகள் பலவற்றுக்கு விடை தானே கிடைத்துவிடும்.

ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை இருக்கும் வீட்டார் கூடாரத்தை ஓரிரு ஆண்டுகள் தள்ளிப்போடுவதே நலம். அவர்கள் மலைக்குப் போகட்டும். இரவில் சுவரும் கூரையும் உள்ள அறையில் தங்கட்டும்.

எந்த மலை? எந்த மாதம்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை பாகை குறையும். சமவெளியில் இரவு 26 பாகை இருக்கும் நாளில், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 12 பாகைக்கு அருகில்தான் இருக்கும். ஜனவரியிலோ அங்குள்ள தாழ்ந்த வெளிகளில் உறைபனியே படியும். முதன்முறையாகக் கூடாரமிடும் குடும்பம் உதகையையும் கொடைக்கானலையும் விட்டுவிட்டு, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியையோ, 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டையோ நாடலாம். குளிரும் குறைவு, நள்ளிரவில் குழந்தைக்கு உடல்நலம் கெட்டாலும் விரைவில் சமவெளிக்கு இறங்கிவிடலாம். ஏலகிரிப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கே. வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70! இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வண்டியில் தலைசுற்றலும் வாந்தியும் மிகுதி என்பதால், இந்த எண்ணிக்கையும் ஒரு தாய்க்குப் பொருட்டானதே.

மாதத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையும் மண்சரிவுகளும் 40-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புல்வெளிகள் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் மாண்டதை நாடே அறியும். எஞ்சியிருக்கும் காலத்தில் ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் பள்ளி விடுமுறைக்குப் பொருந்துகின்றன. அந்நாள்களில் பிற்பகலில் இடியுடன் கோடைமழை வரக்கூடும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். இடி முழங்கும்போது கூடாரம் காப்பாகாது. வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. புறப்படும் வாரத்தில் நடப்பிலுள்ள விதியைக் கேட்டறிந்துகொண்டே கிளம்புங்கள்.

கூடாரம் நிற்கும் இடம்

அழகான இடமும் பாதுகாப்பான இடமும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. ஓடைக்கரை அழகுதான், ஆனால் நம் தலைக்குமேல் வெயில் அடிக்கும்போதே, காட்டின் உச்சியில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையும் ஓடைதான் என்பதை மறந்துவிடலாகாது.

செங்குத்தான சரிவின் அடியும் அத்தகையதே. மலேசியாவில் வாழும் நம் உறவினர்கள் 2022 டிசம்பர் 16-ஐ இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வந்து பத்தாங் காலி மலைப்பகுதியில் ஒரு பண்ணையில் கூடாரமிட்டிருந்த குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், மேலேயிருந்த சரிவு இடிந்து விழுந்தது. 31 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் பலர். அந்தப் பண்ணைக்குக் கூடாரத் தளம் நடத்தும் உரிமம் இல்லை என்பது பிறகு வெளிவந்தது.

வனவிலங்கின் வழியும் அவ்வாறே. வயநாட்டு மேப்பாடியில் 2021 ஜனவரியில், தனியார் விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் காட்டு யானை தாக்கி இறந்தார். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சிறு குழந்தைகளைச் சிறுத்தை கவர்ந்து சென்ற துயரங்களும் உண்டு.

இவற்றையெல்லாம் உங்களை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். "உங்களுக்கு உரிமம் இருக்கிறதா? மேலே சரிவோ, அருகே ஓடையோ இருக்கிறதா? இரவில் காவலுக்கு யார் விழித்திருப்பார்கள்?" இந்த மூன்றுக்கும் நேரான விடை தராத இடத்தில், கட்டணம் எவ்வளவு குறைவாயிருந்தாலும் உங்கள் பிள்ளைகளை உறங்க வைக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் தாமாகப் புகுந்து கூடாரமடிப்பது சட்டப்படியும் குற்றமாகும். காட்டைக் காட்டியே தீரவேண்டும் என்றால், தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலைநடைப் பாதைகளை முறைப்படி தொடங்கியிருக்கிறது. அவற்றில் எளிய பாதைகளும் உள்ளன. வயது வரம்பைக் கேட்டறிந்து, பகலில் நடந்து காட்டிவிட்டுத் திரும்பலாம்.

மாலை நேரத்துக்கு நம்மிடம் ஒரு நல்ல கடிகாரம் இருக்கிறது. அஸர் வேளைக்குள் கூடாரம் நின்றிருக்க வேண்டும். மஃரிபுக்குள் குழந்தைகளின் இரவுச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். அதன்பின் கழிப்பிடத்துக்குக்கூட எந்தக் குழந்தையும் தனியே போகலாகாது. மிஞ்சிய சோற்றையும் பழத்தோலையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். கரடியின் மூக்கு நம் மூக்கைப் போன்றதன்று.

குளிர் என்னும் ஓசையற்ற பகை

சின்னஞ்சிறு உடலுக்கு எடை குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதி. அதனால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் விரைவில் வெப்பத்தை இழக்கின்றனர். இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தையைத் தோளில் சுமந்து ஏறும் தகப்பனுக்கு வியர்த்துக் கொட்டும். அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தைக்கோ கைகால்கள் சில்லிட்டிருக்கும். "எனக்கே வேர்க்கிறது, இவனுக்கு எதற்கு ஸ்வெட்டர்?" என்று கேட்கும் வாப்பாக்கள் சற்று நின்று, பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பார்க்கட்டும்.

குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் ஏறுகிறது. போர்வை இரண்டு என்றால் விரிப்பும் இரண்டு வேண்டும். பாய், அதன்மேல் தடித்த ஜமக்காளம், அதன்மேல் ஸ்லீப்பிங் பேக் என்று அடுக்குங்கள். ஈரத்துணி உலர்ந்த துணியைவிடப் பன்மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சும். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மாற்றுடை, காலுறை, குல்லாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தனியே வையுங்கள். அது இரவுக்கென்றே உள்ள உடை. குளிரில் ஆடிப் பாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகி, சோர்ந்து, சொல்லுக்குச் சொல் குழறினால் "தூக்கம் வந்துவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். ஈர உடையைக் களைந்து, உங்கள் உடலோடு அணைத்து, போர்வையால் மூடி, இளஞ்சூடான பால் கொடுங்கள். தெளிவு வராவிட்டால் தாமதியாமல் 108-ஐ அழைத்து, மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்லவேண்டும். குளிர் தாங்கவில்லை என்று கரியடுப்பையோ தணல் சட்டியையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு போகாதீர்கள். புகை அடங்கிச் செக்கச்செவேலென்று கனலும் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவரை எழுப்பாமலேயே அது கொண்டுபோய்விடும். வாசல் துணியைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. நெருப்பின் இடம் வெளியே. வெதுவெதுப்பின் இடம் உடையிலும் போர்வையிலும்.

அடுப்பும் தண்ணீரும் வேலையும்

மலையோடையின் நீர் பளிங்குபோல் தோன்றும். மேலே எந்த விலங்கு இறங்கியது என்பது நமக்குத் தெரியாது. கொதிக்க வைத்தே குடியுங்கள். உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடங்கள் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். சோறும் பருப்பும் வேகாமல் சண்டித்தனம் செய்வதும் இதனால்தான். குக்கர் கையிலிருந்தால் கவலையில்லை.

சகோதரர்களுக்கு ஒரு சொல். கூடாரப் பயணம் பல வீடுகளில் எப்படி முடிகிறது? வாப்பா நாற்காலியில் அமர்ந்து மலையைப் பார்க்கிறார். உம்மா குளிரில் குனிந்து பாத்திரம் கழுவுகிறார். வீட்டுச் சமையலறையைப் பெயர்த்துக் கொண்டுபோய் மலையில் வைப்பது விடுமுறையாகாது. தக்காளிச் சோறும், சப்பாத்தியும், அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே போகட்டும். அங்கே தேநீரும் கஞ்சியும் போதும். விறகடுப்பை மூட்டுவது, நீர் கொதிக்க வைப்பது, பாத்திரம் துலக்குவது ஆகியவை ஆண்களின் பங்காகட்டும். பையைத் திறந்து டார்ச் விளக்குகளை எண்ணிச் சொல்வது ஆறு வயதுக்காரரின் பொறுப்பாகட்டும். பொறுப்பை ஏற்ற பிள்ளை, பயணத்தைத் தன்னுடையதாக எண்ணும்.

வழி தவறினால் அடி விழாது

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 1981 பிப்ரவரியில், பாலமர் மலைக்குக் குடும்பத்தோடு கூடாரமிடச் சென்ற 9 வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறிவிட்டான். பெருங்கூட்டம் தேடியது. நான்காம் நாள் அவன் உடல்தான் கிடைத்தது. குளிர் அவனைக் கொன்றிருந்தது. அந்தத் துயரத்துக்குப் பின் அங்கே பிள்ளைகளுக்கு ஒரு பாடம் கற்பிக்கத் தொடங்கினார்கள். வழி தவறியது தெரிந்தவுடன் ஓடாதே. அருகிலுள்ள ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு என்பதே அதன் சாரம். நிற்கும் குழந்தையைத் தேடுவோர் அடைந்துவிடலாம். ஓடிக்கொண்டேயிருக்கும் குழந்தை, தேடும் வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

இதை நம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே பழக்கலாம். கழுத்தில் ஒரு விசில் கட்டுங்கள்; மூன்று முறை ஊதினால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று பொருள். காலையில் கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளையையும் அன்று உடுத்திய உடையோடும், காலணியின் அடிப்பக்கத்தோடும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தேடுவோருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்குறுதி வேண்டும். வழி தவறிய குழந்தை, தன்னைத் தேடி வருவோரின் குரல் கேட்டும் மறைந்துகொள்வதுண்டு. அன்னியர் என்ற அச்சம் ஒன்று. "வாப்பா அடிப்பாரே" என்னும் அச்சம் மற்றொன்று. சிந்தித்துப் பாருங்கள்! வீட்டில் நாம் ஓங்கிய கை, காட்டில் நம் பிள்ளையின் வாயை அடைத்துவிடக்கூடும். ஆகவே புறப்படும் முன்பே மடியில் அமர்த்திச் சொல்லுங்கள்: "நீ தொலைந்துபோனால் வாப்பாவும் உம்மாவும் கோபிக்க மாட்டோம். உன் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும் பதில் கொடு." சொல்லியபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

இருளில் கிடைக்கும் செல்வம்

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பின் அப்படி என்னதான் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, போர்வைக்குள் பிள்ளைகளை அணைத்தபடி பத்து நிமிடங்கள் வானத்தைப் பாருங்கள். நகரத்தில் விரல்விட்டு எண்ணிய விண்மீன்கள் இங்கே எண்ணில் அடங்கா. ஒரு கேள்வி வரும். அதற்கு விடை சொல்வதற்குள் இன்னொன்று வரும். பஜ்ருக்கு எழும் பெரியவர்களோடு பிள்ளையும் விழித்துக்கொண்டால், கிழக்கு வெளுப்பதையும் பள்ளத்தாக்கில் மேகம் கீழே கிடப்பதையும் அது காணும்.

பகலில் சோலைக்காட்டின் ஓரத்தில் நிறுத்தி, மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சோலையும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுகின்றன. பவானியும் வைகையும் அமராவதியும் இப்படிப்பட்ட மலைகளில்தான் பிறக்கின்றன. வீட்டுக் குழாயைத் திறக்கும்போது இந்த மண் நினைவுக்கு வருமாயின், அந்தப் பிள்ளை தண்ணீரை வீணாக்காது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்கும். "அப்போது எனக்கு எத்தனை வயது?" என்று ஒவ்வொரு பிள்ளையும் கணக்கிடட்டும்.

திரும்பும் துணிவு

மலையில் துணிவு என்பது ஏறுவது மட்டுமன்று. மேகம் திரண்டாலும், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், இடம் மனத்துக்குப் பிடிக்காவிட்டாலும் கட்டிய பணத்தை எண்ணாமல் திரும்பிவிடுவதே பெருந்துணிவு. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்பது ஆபத்தான சொல். வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். இருளில் மலைப்பாதையில் இறங்குவது இன்னொரு துன்பம்.

வீடு சேர்ந்தபின்னும் மூன்று வாரங்கள் கவனம் தேவை. புல்லிலும் புதரிலும் வாழும் சிற்றுண்ணி கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் வரக்கூடும். கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட் சுட்ட வடுப்போல் கறுத்த பொருக்குக் காணும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் காதுக்குப் பின்னாலும் பாருங்கள். காய்ச்சல் கண்டால் "மலைக்குப் போயிருந்தோம்" என்னும் ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் தவறாது சொல்லுங்கள். உரிய காலத்தில் அறிந்தால் எளிய மருந்திலேயே குணமாகும். அறியாமல் விட்டால் உயிரையே பறிக்கும் நோய் அது.

சகோதரிகளே, சகோதரர்களே! உங்கள் வீட்டின் மிகச் சிறிய கால்களை நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள். அந்தக் கால்கள் களைக்கும் இடத்தில் அமருங்கள். அவை குளிரும் முன்பே போர்த்துங்கள். இன்ஷா அல்லாஹ், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் உங்கள் பிள்ளைக்குத் தோழர்களிடம் சொல்ல ஒரு கதை இருக்கும்.